மிதிவண்டி வீரர் யூஜேன் கிறிஸ்தோப்

திருச்சிராப்பள்ளிச் சத்திரம் பேருந்து நிலையத்தில் நிற்போர் சற்றே தலைநிமிர்ந்தால் மலைக்கோட்டை கண்ணிற்படும். அதன் உயரம் ஏறத்தாழ 83 மீட்டர். படியேறி உச்சிப் பிள்ளையாரைக் கண்டு இறங்குவதற்குள் நம்மிற் பலர்க்கு மூச்சு வாங்கும். அத்தகைய குன்றுகள் பதினேழினை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் எவ்வளவு உயரமோ, அவ்வளவு உயரத்தையும் மிதிவண்டியிலேயே ஏறிக் கடக்க வேண்டிய கணவாய் ஒன்று பிரான்சு நாட்டின் பிரனீசு மலைத்தொடரில் உள்ளது. தூர்மலே என்பது அதன் பெயர். கடல்மட்டத்திற்கு மேல் 2,115 மீட்டர் உயரத்தில் அமைந்தது. அக்கணவாயோடு என்றும் சேர்த்து நினைக்கப்படுபவர் யூஜேன் கிறிஸ்தோப் என்னும் வீரர்.

இவர் 1885ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 22ஆம் நாள், பாரிசு நகரை அடுத்த மலக்கோஃப் என்னும் ஊரிற் பிறந்தார். இளமையிற் பூட்டுச் செய்யும் தொழில் பயின்றார். இரும்பைக் காய்ச்சுவதும் அராவுவதும் அவர் கைக்குப் பழகிய வேலைகள். பின்னர் மிதிவண்டிப் பந்தயத்தில் நாட்டம் சென்றது. 1910இல் இத்தாலியில் நடந்த மிலான்–சான்ரெமோ பந்தயத்தில் பனி கொட்டியது. புறப்பட்டோருள் மிகச் சிலரே ஊர்போய்ச் சேர்ந்தனர். அவர்களுள் முதல்வராக வந்தவர் கிறிஸ்தோப். அக்குளிரால் நலிந்த உடல் தேற நெடுங்காலம் ஆயிற்று.

பிரான்சு நாட்டைச் சுற்றிவரும் பெரும்பந்தயம் 1903இல் தொடங்கியது. அக்காலத்து மலைச்சாலைகள் கல்லும் புழுதியும் நிறைந்தவை. இன்றைய பந்தய வண்டிகளிற் காணும் கியர் மாற்றும் பொறியும் அன்று வழங்கவில்லை. எல்லாவற்றினும் கடுமையானது விதி ஒன்று: வண்டி பழுதுற்றால் வீரர் தம் கையாலேயே சீர்செய்துகொள்ள வேண்டும், பிறர் உதவி பெறுதல் குற்றமாகும்.

1913ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 9ஆம் நாள் பயோன் நகரிலிருந்து லூசோன் நகர்வரை 326 கிலோமீட்டர் செல்லவேண்டியிருந்தது. திருச்சியிலிருந்து சென்னைக்குள்ள தொலைவு ஏறக்குறைய அவ்வளவே. ஆனால் இடையில் உயர்ந்த கணவாய்கள் பல. பந்தயத்தில் முன்னணியில் இருந்தவர் அன்று தளர்ந்து பின்தங்கிவிட்டார். ஆதலின் முதலிடம் கிறிஸ்தோப்புக்குக் கைக்கெட்டும் நிலையில் இருந்தது. தூர்மலேயை ஏறி முடித்தார். மறுபுறம் இறங்குகையில், முன்சக்கரத்தைப் பற்றி நிற்கும் கவை ஒடிந்துவிட்டது. மிதிவண்டி பழுதுபார்ப்போர் இதனைப் போர்க் என்பர். கவையின்றி வண்டியை ஓட்டவும் இயலாது, உருட்டவும் இயலாது.

பின்னே வந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக அவரைக் கடந்து சென்றனர். கிறிஸ்தோப் கண்ணீர் விட்டார். பிறகு வண்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தார். நடந்த தொலைவு பத்துக் கிலோமீட்டருக்கும் மேல். சத்திரத்திலிருந்து காவிரிப் பாலம் கடந்து திருவரங்கம் கோயிலுக்குச் சென்று மீளும் தொலைவென்று கொள்ளலாம். அதனை விடியுமுன்னரே புறப்பட்டு மலையேறிய கால்களோடு, சுமையுடன் நடந்தார்.

மலையடியில் சேன்த் மரி தெ கம்பான் என்னும் சிற்றூர். அங்கே ஒரு கொல்லன் உலை இருந்தது. உலைக்கு உரியவர் வேலையைச் செய்து தந்திருப்பார், விதி இடங்கொடுக்கவில்லை. பந்தய அலுவலர்கள் பக்கத்தில் நின்று பார்த்தபடி இருந்தனர். கிறிஸ்தோப் தாமே சம்மட்டி எடுத்தார். ஒடிந்த இரும்பைக் காய்ச்சி, அடித்து, அராவிப் பொருத்தினார். இளமையிற் கற்ற தொழில் அன்று கைகொடுத்தது. ஆனால் இரு கையும் வேலையில் இருக்கையில் துருத்தி ஊதுவது யார்? அங்கிருந்த சிறுவன் ஒருவன் ஊதினான். வேலை முடிய மூன்று மணிநேரத்திற்கும் மேலாயிற்று.

வெற்றி அப்போதே கைநழுவிவிட்டது. அஃது அவருக்கும் தெரியும். ஆயினும் அவர் வண்டியேறினார். இன்னும் அஸ்பேன், பெய்ரசூர்த் என்னும் இரு கணவாய்கள் எதிரே நின்றன. அவற்றையும் கடந்து, முதல்வர் சேர்ந்து நான்கு மணிநேரம் ஆகப்போகும் வேளையில் லூசோனை அடைந்தார். துருத்தி ஊதிய சிறுவன் உதவிக்காக அவர்மீது பத்து நிமிடத் தண்டம் விதிக்கப்பட்டது. பின்னர் அது மூன்று நிமிடமாகக் குறைக்கப்பட்டது. இத்தனை மணிநேரத்தை இழந்தவர்மீது மேலும் மூன்று நிமிடம் ஏற்றிய நடுவர்களின் நேர்மையைப் போற்றுவதா, இரக்கமின்மையை நோவதா என்பது எளிதில் முடிவு காணக்கூடியதன்று. அவ்வாண்டு வென்றவர் பெல்ஜிய நாட்டுப் பிலிப் தீஸ். கிறிஸ்தோப் ஏழாம் இடம் பெற்றார்.

உலகப்போரால் நின்றிருந்த பந்தயம் 1919இல் மீண்டும் தொடங்கியது. முன்னணியில் இருப்பவரைக் கூட்டத்தில் அடையாளங் காண மஞ்சட் சட்டை வழங்கும் வழக்கம் அப்போதுதான் பிறந்தது. அதனை முதன்முதல் அணியும் பேறு கிறிஸ்தோப்புக்கு வாய்த்தது. பாரிசு நெருங்கிவிட்டது. அந்நிலையில், வாலென்சியென் நகருக்கருகே, மீண்டும் கவை ஒடிந்தது! மறுபடியும் ஒரு பட்டறை. மறுபடியும் தாமே செய்த வேலை. மஞ்சட் சட்டை பெல்ஜிய வீரர் லாம்போவுக்குச் சென்றது, இவர் மூன்றாமவரானார். நாட்டு மக்கள் மனம் பொறாது பொருள் திரட்டி அனுப்பினர். செல்வரும் கொடுத்தனர், எளியவரும் கொடுத்தனர். திரண்ட தொகை 13,000 பிராங்குக்கு மேற்பட்டது. அது வென்றவர் பெற்ற பரிசினும் மிகுதி.

1922இல் கலிபியே மலையில் மூன்றாம் முறையும் கவை ஒடிந்தது. தம் நாற்பதாம் அகவையில், 1925இல் இறுதியாக அப்பெரும்பந்தயத்தில் ஓடினார். ஒருமுறையும் அதனை வென்றாரில்லை. 1970ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் நாள் மறைந்தார். அவர் இரும்படித்த ஊரில் நினைவுக் கல்வெட்டு ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது. 2014இல் அங்கே அவருக்குச் சிலையும் எழுப்பப்பட்டது. அச்சிலையின் கையில் இருப்பது வெற்றிக் கோப்பையன்று, மிதிவண்டியின் கவை.