திக்கியே பேசி ஜெயித்தவர்



ஆவடியில் பஸ் ஏறி பூந்தமல்லிக்கு டிக்கெட் எடுப்பது உங்களுக்குச் சின்ன விஷயம். எனக்கு அப்படி இல்லை. பூ என்கிற முதல் எழுத்திலேயே வாய் பூட்டிக்கொள்ளும். முதலாமாண்டு முழுக்க கரையான்சாவடின்னு கேட்டு டிக்கெட் வாங்கி, அங்கேயே இறங்கி மிச்ச தூரத்தை நடந்திருக்கிறேன். ஆமாம், எனக்குத் திக்குவாய். எனக்குத் தைரியம் கொடுத்த ஒரு பெரிய மனிதரின் கதையைத்தான் இந்த மலரில் சொல்ல வந்தேன்.

அவர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட். 1909 ஜூன் 13-ல், அன்றைய சென்னை மாகாணத்து மலபாரில், பெரிந்தல்மண்ணா பக்கத்து ஏலங்குளத்தில் பிறந்தார். நிலபுலன் நிறைந்த குடும்பம். எதற்கும் குறைவில்லை, பேச்சு மட்டும் திக்கியது. 1932-ல் திருச்சூரில் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டு, சட்டமறுப்பு இயக்கத்தில் குதித்துச் சிறைக்குப் போனார். பிறகு கம்யூனிஸ்ட் ஆனார். தன் பங்குச் சொத்தை விற்றுக் கட்சிக்கே கொடுத்தார். 1939-ல் சென்னை மாகாண சட்டமன்ற உறுப்பினரானார். யோசித்துப் பாருங்கள், வாய் திக்குகிற ஒருவர் தேர்ந்தெடுத்த வேலை, வாயே மூலதனமான அரசியல்!

1957 ஏப்ரல் 5-ல் கேரளத்தின் முதல் முதலமைச்சர் ஆனார். நிலச் சீர்திருத்தம், கல்வி மசோதா என்று எதிர்ப்பு கிளம்பிய ஒவ்வொன்றுக்கும் எழுந்து பதில் சொல்ல வேண்டிய நாற்காலி அது. சொன்னார், திக்கித் திக்கியே சொன்னார். 1959 ஜூலை 31-ல் மத்திய அரசு அந்த ஆட்சியைக் கலைத்தது. 1967-ல் மறுபடி முதல்வரானார். 1978 முதல் 1992 வரை மார்க்சிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர். அவர் எழுதியவை 100 தொகுதிகளாக வந்திருக்கின்றன. எப்பவும் திக்குமா என்று ஒருவர் கேட்டதற்கு, பேசும்போது மட்டும்தான் என்று சொல்லிச் சிரிக்கவைத்தாராம்! 1998 மார்ச் 19-ல் 88 வயதில் மறையும் வரை திக்கலும் கூடவே இருந்தது.

அவர் கட்சி நமக்குப் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். நான் எடுத்துக்கொண்டது இந்த ஒன்றை மட்டும்தான்.

அப்போ சிகிச்சையே வேண்டாமா? அப்படியில்லை. என் பாட்டி வசம்பைச் சுட்டு நாக்கில் தடவினார். கூழாங்கல்லை வாயில் போட்டுப் பேசச் சொன்னவர்களும் உண்டு. ஒன்றும் நடக்கவில்லை. சின்னப் பிள்ளைகளில் பலருக்குத் திக்கல் தானாகவே போய்விடும். போகாவிட்டால் பள்ளிக்கு அனுப்புவதற்கு முன்பே பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுவது நல்லது. ஆஸ்திரேலியாவில் உருவான லிட்கம் முறையில், பிள்ளை தடையில்லாமல் பேசும்போது பெற்றோரே பாராட்டிப் பழக்குகிறார்கள். நியூசிலாந்தில் 54 குழந்தைகளிடம் சோதித்து 2005-ல் முடிவு வெளியிட்டார்கள். ஒன்பது மாதத்தில், பயிற்சி பெற்றவர்களுக்கு 100 அசைக்கு 1.5 திக்கல், மற்றவர்களுக்கு 3.9.

நம்ம வயதில் அது அவ்வளவு சுலபமில்லை. இழுத்து, நிதானமாகப் பேசும் பயிற்சியால் திக்கல் நன்றாகக் குறையும். பயிற்சியை விட்டால் திரும்பி வரும். பயத்தைக் குறைக்கத் தனிப் பயிற்சி உண்டு. முழுசாகக் குணமாக்கும் மருந்து கிடையாது. அப்படி விளம்பரம் செய்பவரிடம் பணத்தைக் கொடுத்து ஏமாறாதீர்கள்.

போன செமஸ்டர் வைவாவில் லேத் பற்றிய கேள்விக்கு விடை தெரிந்தும் சொல்ல முடியாமல் நின்றேன். தெரியாது என்று நினைத்து அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். இந்த முறை உள்ளே போனதும், சார், எனக்குத் திக்கும், கொஞ்சம் டைம் கொடுங்க என்று முதலிலேயே சொல்லிவிடப் போகிறேன்.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். நான் திக்கும்போது அந்த வார்த்தையை நீங்கள் முடித்து வைக்காதீர்கள். கொஞ்சம் பொறுங்கள், நானே சொல்லிடுவேன்.

இப்பெல்லாம் பூந்தமல்லிக்கே டிக்கெட் கேட்கிறேன், நண்பர்களே. கண்டக்டர் காத்திருக்கிறார்!

— இறுதியாண்டு மெக்கானிக்கல் மாணவன்