சிறகுகளைப் பதிவு செய்தவர்

இந்திய தேசிய காங்கிரசு 1885ஆம் ஆண்டு தோன்றப் பாடுபட்டவர்களுள் ஒருவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம் என்பதை வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். இந்தியப் பறவையியலுக்கும் அவர் முன்னோடி என்பதைப் பலர் அறியார். காங்கிரசு தோன்றிய அதே ஆண்டில் அவர் தம் மாபெரும் பறவைத் தொகுப்பைக் கொடையாக அளித்தார். அக்கொடைக்குப் பின்னே ஆறாத் துயரம் ஒன்று இருந்தது.

பிரித்தானிய நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் ஹியூமின் மகனாக 1829இல் பிறந்த அவர், 1849இல் வங்காள ஆட்சிப்பணியில் சேர்ந்தார். வடஇந்தியாவின் இட்டாவா மாவட்டத்தை நிருவகித்தபோது மக்களுக்காகப் பள்ளிகளைத் தொடங்கினார். பறவைகளைச் சேகரிக்கவும் அங்குதான் முற்பட்டார். 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் அம்முதல் தொகுப்பு அழிந்தது. அவர் மனந்தளராது மீண்டும் தொடங்கினார்.

அக்காலத்தில் பறவையைச் சுட்டு வீழ்த்தி, கையில் எடுத்துப் பார்த்தே அதன் இனத்தை உறுதிசெய்தனர். தோலை உரித்து, நச்சு மருந்து பூசி, பஞ்சு அடைத்துப் பாடம் செய்தனர். கண், அலகு, கால் ஆகியவற்றின் நிறம் விரைவில் மங்கிவிடும். ஆதலின் அவற்றை உடனே குறித்துக்கொள்ள வேண்டும். இடம், நாள், பாலினம், அளவு ஆகியவற்றை எழுதிய சீட்டு காலில் கட்டப்பட்டது. சீட்டு இல்லாத பறவையால் அறிவியலுக்குப் பெரும்பயன் இல்லை.

கடலால் பிரிக்கப்பட்ட தீவுகளில் உயிரினங்கள் நெடுங்காலம் தனித்து வாழ்ந்து வேறுபட்ட வடிவம் பெறுகின்றன. அவ்வேறுபாட்டை அறிய, தீவுப் பறவையைப் பெருநிலத்துப் பறவையின் அருகில் வைத்து ஒப்பிட வேண்டும். இந்நோக்குடன் ஹியூமின் தொகுப்புக் காப்பாளர் வில்லியம் டேவிசன் அந்தமான், நிக்கோபார் தீவுகளில் பறவைகளைச் சேகரித்தார். 1873ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஹியூமும் அத்தீவுகளுக்குச் சென்றார். நிலவியலறிஞர் ஸ்டோலிச்காவும் கல்கத்தா அருங்காட்சியகத்தைச் சேர்ந்த வுட்மேசனும் உடன் சென்றனர். ஏறத்தாழ 7 சதுர கிலோமீட்டர் பரப்பே கொண்ட எரிமலைத் தீவான நார்கொண்டத்தில் வாழும் இருவாச்சியைப் புதிய இனமாக அவ்வாண்டிலேயே ஹியூம் விவரித்தார். அத்தீவின் பெயரையே அதற்குச் சூட்டினார். உலகில் வேறெங்கும் அப்பறவை இயற்கையாக வாழ்வதில்லை.

தீவுப்பயணத்தின் முடிவுகளை ‘ஸ்ட்ரே ஃபெதர்ஸ்’ என்னும் தம் இதழில் அவர் விரிவாக வெளியிட்டார். உதிர்ந்த சிறகுகள் என்னும் பொருளுடைய அவ்விதழ் 1872இல் தொடங்கப்பெற்றது. நாடெங்கும் பணியாற்றிய பறவை ஆர்வலர்கள் தம் குறிப்புகளை அதற்கு அனுப்பினர். சிம்லாவில் இருந்த ஹியூமின் இல்லம் பறவை அருங்காட்சியகமாயிற்று.

அரசின் கொள்கைகளை வெளிப்படையாகக் குறைகூறியதால் 1879இல் அவர் செயலர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். 1882இல் பணி ஓய்வு பெற்றார். இந்தியப் பறவைகள் அனைத்தையும் பற்றிய பெருநூல் ஒன்றை எழுதுவது அவர் கனவு. அதற்கென இருபத்தைந்து ஆண்டுகளாகக் கையெழுத்துக் குறிப்புகளைத் திரட்டியிருந்தார். 1884ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவர் வெளியூர் சென்றிருந்தபோது, பணியாள் ஒருவர் அத்தாள்களைப் பழைய காகிதமாகக் கடைத்தெருவில் விற்றுவிட்டார். அப்பெருநூல் எழுதப்படவே இல்லை.

நிலைகுலைந்த ஹியூம், எஞ்சிய தொகுப்பையேனும் காக்க எண்ணி, அதனைப் பிரித்தானிய அருங்காட்சியகத்திற்கு வழங்கினார். அங்கிருந்து வந்த பௌட்லர் ஷார்ப் என்னும் அறிஞர் 1885இல் பறவைகளைப் பெட்டிகளில் அடுக்கி எடுத்துச் சென்றார். ஏறத்தாழ 82,000 உருப்படிகளுள் 75,577 அங்கே நிலையாக இடம்பெற்றன. பின்னாளில் தாவரவியலில் ஈடுபட்ட ஹியூம், 1910இல் தென் இலண்டனில் தாவரவியல் நிறுவனம் ஒன்றை நிறுவி, 1912இல் மறைந்தார்.

அறைக்குள் வைத்திருந்த குறிப்புகள் அழிந்தன. அச்சிட்டுப் பகிர்ந்தவை நிலைத்தன. தீவுப் பறவைகளைப் பற்றி ஹியூம் எழுதியவற்றை ஆய்வாளர்கள் இன்றும் பயன்படுத்துகின்றனர். இக்காலத்தில் பறவையை அறிய அதனைக் கொல்ல வேண்டியதில்லை. தொலைநோக்கியும் குறிப்பேடும் போதும். கல்வராயன் மலைக்காட்டிலோ கெடிலக் கரையிலோ காணும் பறவையின் பெயர், இடம், நாள், எண்ணிக்கை ஆகியவற்றை மாணவர்களும் பிழையின்றிக் குறிக்கலாம். அக்குறிப்பைப் பிறரோடு பகிரும்போது அது அறிவியலுக்குரிய சான்றாகிறது.