காற்றின் எடை அறிந்த பாஸ்கல்

கண்ணுக்குப் புலப்படாத காற்றுக்கும் எடை உண்டு என்பதை ஒரு மலையையே தராசாகக் கொண்டு மெய்ப்பித்தவர் பிளேஸ் பாஸ்கல். இவர் 1623ஆம் ஆண்டு சூன் 19ஆம் நாள் பிரான்சு நாட்டின் கிளெர்மோன் நகரில் பிறந்தார். மூன்று வயதில் தாயை இழந்தார். தந்தை எத்தியென் பாஸ்கல் மகனைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பித்தார். பின்னாளில் தந்தை ரூவான் நகரில் வரி அலுவலராகப் பணியாற்றினார். நெடிய கணக்குகளால் அவர் சோர்வதைக் கண்ட பாஸ்கல், 1642இல் பற்சக்கரங்களால் இயங்கும் கணக்கிடும் பொறியை உருவாக்கத் தொடங்கினார். அப்போது அவர் இருபது வயதையும் எட்டவில்லை.

அக்காலத்தில் அறிஞரிடையே பெரும் வழக்கு ஒன்று நிலவியது. இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி, பாதரசம் நிரப்பிய கண்ணாடிக் குழாயைப் பாதரசத் தொட்டியில் கவிழ்த்தார். பாதரசம் முழுவதும் வடியாமல் ஏறத்தாழ 76 செ.மீ. உயரத்தில் நின்றது. இயற்கை வெற்றிடத்தை விரும்பாமையே இதற்குக் காரணம் என்று பலரும் நம்பினர். வெளியிலுள்ள காற்றின் எடையே பாதரசத்தைத் தாங்குகிறது என்று டாரிசெல்லி கருதினார். பாஸ்கல் ரூவானில் 40 அடிக்கும் நீண்ட குழாய்களில் நீரையும் திராட்சை மதுவையும் நிரப்பி இச்சோதனையை விரிவாகச் செய்தார்.

வழக்கைத் தீர்க்க எளிய வழியொன்று அவருக்குத் தோன்றியது. காற்றின் எடையே காரணமெனில், மலையுச்சியில் மேலிருக்கும் காற்று குறைவாதலால் பாதரசமும் தாழ்ந்து நிற்க வேண்டும். இயற்கையின் வெறுப்பே காரணமெனில், அவ்வெறுப்பு மலைக்கு மலை மாறாது. ஆனால், நோயுற்றுப் பாரிசில் இருந்த பாஸ்கலால் மலையேற இயலவில்லை. ஆகவே, கிளெர்மோனில் வாழ்ந்த தம் அக்காள் கணவர் ஃபுளோரின் பெரியேவுக்கு மடல் எழுதி அப்பணியை ஒப்படைத்தார்.

1648ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள், பெரியே 1465 மீட்டர் உயரமுள்ள புய் தெ தோம் மலையில் ஏறினார். அடிவாரத்து மடத்தின் தோட்டத்தில் ஒரு குழாயை நிறுத்தி, அதனை நாள் முழுவதும் கவனிக்குமாறு துறவி ஒருவரை அமர்த்தினார். அங்குப் பாதரசம் அசையவில்லை. உச்சியிலோ ஏறத்தாழ 8.5 செ.மீ. தாழ்ந்தது. ஐயம் நீங்க உச்சியின் வெவ்வேறு இடங்களில் மீண்டும் மீண்டும் அளந்தும் விளைவு மாறவில்லை. செய்தி அறிந்த பாஸ்கல், பாரிசின் புனித ஜாக் கோபுரத்தில் தாமே அளந்து அதனை உறுதிப்படுத்தினார்.

இவ்வுண்மை நூலோடு நின்றுவிடவில்லை. நாமக்கல் மாவட்டம் எருமப்பட்டிச் சமவெளியில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டி, 1000 மீட்டருக்கு மேல் உயர்ந்த கொல்லிமலைக்குச் சென்றாலும் இவ்விதிக்கு உட்பட்டதே. ஒவ்வொரு 1000 மீட்டர் ஏற்றத்திற்கும் காற்றழுத்தம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறையும். வண்டியிலுள்ள கம்ப்ரசர் மலையிலும் அதே கன அளவுக் காற்றையே உள்ளிழுக்கிறது. ஆனால், அக்காற்றின் எடை குறைந்துவிடுகிறது. மெலிந்த காற்றைப் பழைய அழுத்தத்திற்குக் கொண்டுவர அதனை மேலும் இறுக்க வேண்டும். அதனால் வெப்பமும் மிகும். டீசல் எஞ்சினுக்குக் கிட்டும் காற்றும் குறைவதால் அதன் ஆற்றல் தளரக்கூடும். ஆகவே, பாறையை உடைக்கும் சுத்தியலுக்கும், துகளை மேலே தள்ளுவதற்கும் கிடைக்கும் காற்று குறைகிறது. மலைப்பணிக்குக் கூடுதல் திறனுள்ள கம்ப்ரசரைத் தெரிவுசெய்வதன் காரணம் இதுவே.

அடைபட்ட நீர்மத்தின் ஒரு பகுதியில் தரப்படும் அழுத்தம் எல்லாத் திசையிலும் குறையாமல் பரவும் என்னும் பாஸ்கல் விதியும் அவர் தந்ததே. நிகழ்தகவுக் கணிதத்திற்கும் அவர் அடித்தளமிட்டார். தம் இறுதி ஆண்டான 1662இல், குறைந்த கட்டணத்தில் பலர் சேர்ந்து பயணம் செய்யும் குதிரை வண்டிப் போக்குவரத்தைப் பாரிசில் தொடங்கினார். அதன் வருவாயில் தம் பங்கை ஏழைகளுக்கு அளிக்க விரும்பினார். அவ்வாண்டு ஆகஸ்டு 19ஆம் நாள் தம் 39ஆம் வயதில் மறைந்தார்.

அழுத்தத்தின் பன்னாட்டு அலகுக்கு 1971இல் பாஸ்கல் எனப் பெயரிடப்பட்டது. நோயால் மலையேற இயலாமற்போன ஒருவரின் பெயராலேயே இன்று எல்லா மலைகளிலும் காற்றழுத்தம் அளக்கப்படுகிறது.