அலெக்சாந்தர் பிளெமிங்

ஸ்காத்லாந்து நாட்டில் டார்வெல் என்னும் ஊரை அடுத்த ஒரு பண்ணையில் 1881ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் பிளெமிங் பிறந்தார். உழவரான தந்தையாரை ஏழாம் வயதில் இழந்தார். பின்னர் இலண்டன் சென்று, கப்பல் அலுவலகம் ஒன்றில் நான்காண்டுகள் எழுத்தராக உழைத்தார். உறவினர் ஒருவர் விட்டுச்சென்ற பொருளின் துணையால் தூய மேரி மருத்துவ மனையைச் சார்ந்த கல்லூரியில் பயின்று மருத்துவரானார்.

முதல் உலகப் போரின்போது பிரான்சு நாட்டுப் பூலோன் நகரில் அவர் பணிபுரிந்தார். வீரர்களின் ஆழ்ந்த புண்களில் ஸ்டிரெப்டோகாக்கஸ் என்னும் கிருமிகள் பல்கியிருந்தன. மணிகளைக் கோத்தாற்போல வரிசையாக நிற்பது அவற்றின் இயல்பு. அவற்றைக் கொல்ல ஊற்றிய மருந்துகளோ புண்ணின் அடியை எட்டவில்லை. உடலைக் காக்கும் வெள்ளணுக்களையே அழித்தன. இதனைப் பிளெமிங் ஆய்ந்து காட்டினார்.

1928 செப்டம்பரில், கிருமி வளர்த்த தட்டு ஒன்றில் பூசணம் படிந்து, அதனைச் சுற்றிலும் கிருமிகள் மாய்ந்திருக்கக் கண்டார். அப்பூசணம் சுரந்த பொருளே பெனிசிலின். அதனைத் தூய்மையாக்கி மருந்தாக்கிய பெருமை ஆக்சுபோர்டில் ஆராய்ந்த புளோரி, செயின் முதலியோரைச் சாரும்.

1942ஆம் ஆண்டில், ஸ்டிரெப்டோகாக்கஸ் மூளையுறையைத் தாக்கியதால் ஒருவர் தூய மேரி மருத்துவ மனையில் சாகுந்தறுவாயில் கிடந்தார். சல்பா மருந்து பயன் தரவில்லை. புளோரி தம்மிடமிருந்த பெனிசிலினைக் கொடுத்துதவினார். பிளெமிங் அதனைத் தசையிலும், பின்னர் முதுகுத்தண்டின் உட்புழையிலும் செலுத்தினார். நோயாளி பிழைத்தெழுந்தார்.

1945இல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. புகழின் உச்சியில் நின்ற அந்நாளில், ஸ்டாக்ஹோம் நகரில் ஆற்றிய சொற்பொழிவில் பிளெமிங் ஓர் இடரை எடுத்துரைத்தார். குறைந்த அளவு பெனிசிலினில் வளர்ந்த கிருமி அம்மருந்துக்கு அஞ்சாததாக மாறுவதை அவர் ஆய்வுக்கூடத்திற் கண்டிருந்தார். ஆகவே ஒரு கற்பனைக் கதை கூறினார். தொண்டைப்புண் உற்ற ஒருவன் தானே பெனிசிலின் வாங்கிப் போதிய அளவின்றி உட்கொள்கிறான். சாகாது எஞ்சிய ஸ்டிரெப்டோகாக்கஸ் மருந்தை எதிர்க்கும் வலிமை பெற்று மனைவியைப் பற்றுகிறது. அவளுக்கு நுரையீரல் அழற்சி காண்கிறது; பெனிசிலின் பலிக்கவில்லை; அவள் இறக்கிறாள். அச்சாவுக்குக் கணவனே பொறுப்பு என்றார் பிளெமிங்.

அவர் 1955 மார்ச்சு 11ஆம் நாள் காலமானார். தொண்டைப்புண் உண்டாக்கும் ஸ்டிரெப்டோகாக்கஸ் இன்றும் பெனிசிலினுக்கு அடங்குகிறது என்பது வியப்பே. எனினும் எரித்ரோமைசின் போன்ற பிற மருந்துகளைப் பல நாடுகளில் எதிர்க்கிறது. நுரையீரல் அழற்சி தரும் அதன் இனக் கிருமியோ பெனிசிலினுக்கே எளிதில் அடங்காததாயிற்று. 1967இல் ஆஸ்திரேலியாவில் ஒரு நோயாளியிடம் அத்தகைய கிருமி காணப்பெற்றது. பத்தாண்டுகளுக்குப் பின், பெனிசிலினோடு வேறு பல மருந்துகளையும் எதிர்க்கும் கிருமிகள் தென்னாப்பிரிக்க மருத்துவ மனைகளில் தோன்றின.