டூ பாய்ஸ் பெருமகனாரும் இரு கல்லூரிகளும்

நம் கல்விக் கழகத்தின் வெள்ளிவிழா மலருக்குப் பெரியார் ஒருவரின் வரலாற்றை எழுதித் தருமாறு செயலாளர் அவர்கள் பணித்தபோது, அண்ணல் அம்பேத்கரைப் பற்றியே எழுதலாம் என முதலில் எண்ணினேன். ஆயின் அவ்வரலாற்றை நம் இளைஞர்கள் நன்கு அறிவர். மேலும், மேனிலைத் தேர்வு முடிவுகள் வெளிவந்த மறுவாரம் என் அறைக்கு வந்த ஒரு மாணவரும் அவர்தம் தந்தையாரும் கேட்ட கேள்வி என் நெஞ்சை விட்டு அகலவில்லை. பெருநகரின் பெயர்பெற்ற கல்லூரி ஒன்றில் அம்மாணவருக்கு இடம் கிடைத்திருந்தது. அங்கே நம்மவர் விரல்விட்டு எண்ணத்தக்க அளவினரே. அருகிலுள்ள கல்லூரியிலோ நம் பிள்ளைகள் நிறைந்திருந்தனர். நூலகமும் ஆய்வுக்கூடமும் மட்டும் அத்துணைச் சிறப்புடையன அல்ல. எங்கே சேர்ப்பது என்று தந்தையார் கேட்டார். சட்டென விடை கூறிவிடத்தக்க கேள்வி அன்று அது. ஏறத்தாழ 140 ஆண்டுகளுக்கு முன்னர் இதே கேள்வியின் இரு பக்கங்களிலும் வாழ்ந்து பார்த்த ஒருவரின் கதையை அவர்களுக்குச் சொன்னேன். அதனையே ஈண்டும் எழுதுகின்றேன்.

வில்லியம் எட்வர்ட் பர்க்ஹார்ட் டூ பாய்ஸ் 1868ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள், அமெரிக்காவின் வடபகுதியில் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த கிரேட் பாரிங்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். அடிமை முறை சட்டப்படி ஒழிந்து இரண்டே ஆண்டுகள் கடந்திருந்தன. தந்தையார் குழந்தைப் பருவத்திலேயே பிரிந்து சென்றுவிட்டார். தாயார் வீட்டு வேலைகள் செய்து மகனை வளர்த்தார். இடையில் பக்கவாதத்தால் தாக்குண்டும் உழைப்பை நிறுத்தினாரில்லை. ஊரின் மக்கள் தொகை ஐயாயிரம். அதில் கறுப்பினத்தார் ஐம்பதின்மருக்கு மேல் இலர்.

வகுப்பில் உடன் பயின்றோர் யாவரும் வெள்ளையர். ஒரு நாள் பிள்ளைகள் அழகிய அறிமுக அட்டைகளை வாங்கி ஒருவருக்கொருவர் கொடுத்து விளையாடினர். ஊருக்குப் புதியவளாக வந்த ஒரு சிறுமி இவர் நீட்டிய அட்டையை மட்டும் ஏற்க மறுத்துவிட்டாள். தாம் மற்றவரினும் வேறாகக் கருதப்படுகின்றோம் என்பதை அன்றே உணர்ந்ததாகப் பிற்காலத்தில் எழுதினார். இதனை விளக்கிச் சொல்ல வேண்டிய தேவை நம் வாசகர்க்கு இல்லை.

அப்பள்ளியின் தலைமையாசிரியர் ஃபிராங்க் ஹாஸ்மர் செய்த ஓர் உதவியை நான் சற்று நிறுத்திச் சொல்ல விரும்புகின்றேன். நானும் அதே நாற்காலியில் அமர்ந்திருப்பவன். கறுப்பினச் சிறுவன்தானே, ஏதேனும் கைத்தொழில் கற்கட்டும் என்று அவர் விட்டிருந்தால் எவரும் குறை கூறியிரார். அவரோ கல்லூரிக்குரிய பாடங்களைப் படிக்குமாறு இவரைப் பணித்தார். கிரேக்கமும் இலத்தீனும் அவற்றுள் அடங்கும். கிரேக்க நூல்களின் விலை தாயாரால் தாங்கக்கூடியதன்று. ஆலை முதலாளி ஒருவரின் மனைவியார் அவற்றை வாங்கிக் கொடுத்தார். அத்தலைமையாசிரியர் வேறு மனப்பாங்கு உடையவராக இருந்திருப்பின் தம் வாழ்வு திசைமாறியிருக்கும் என்பதை டூ பாய்ஸ் முதுமையிலும் மறந்தாரில்லை.

1884இல் பள்ளிப் படிப்பை முடித்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பயில்வதே அவர் கனவு. அது அவருடைய மாநிலத்திலேயே உள்ளது. அந்நாட்டின் தொன்மையான கல்லூரியும் அதுவே. ஆனால் கையில் பொருளில்லை. தாயாரும் சிறிது காலத்தில் இறந்துவிட்டார். மாளிகை ஒன்று கட்டப்பட்ட இடத்தில் வேலையாட்களின் நேரக் கணக்கு எழுதும் பணியில் ஓராண்டு கழிந்தது. அப்போது ஊரார் சிலர் கூடி, நான்கு தேவாலயங்கள் ஆளுக்கு 25 டாலராக ஆண்டுதோறும் 100 டாலர் தருவதென முடிவு செய்தனர். படிப்பிடம் ஹார்வர்டு அன்று. தெற்கே டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில் விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்காக 1866இல் தொடங்கப்பெற்ற ஃபிஸ்க் பல்கலைக்கழகம்.

உறவினர்கள் சினங்கொண்டனர். வடக்கே பிறந்து வளர்ந்த பிள்ளையை, அடிமைத்தனம் கோலோச்சிய தெற்குச் சீமைக்கு அனுப்புவதா என வெகுண்டனர். உன்னவர் இருக்குமிடம் அதுதான் என்று தள்ளிவிடும் எண்ணமும் அவ்வுதவியில் கலந்திருந்ததோ என ஐயுற்றனர். ஐயத்திற்கு இடமில்லாமலும் இல்லை. பதினேழு வயது இளைஞரோ மகிழ்ச்சியுடன் புறப்பட்டார். தம் நிறத்தவரை நூற்றுக்கணக்கில் ஓரிடத்தில் காணும் ஆசை அவருக்கு இருந்தது. ஹார்வர்டு எங்கும் ஓடிவிடாது என்ற நம்பிக்கையும் இருந்தது.

1885ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஃபிஸ்க் வந்து இரண்டாமாண்டில் நேரே சேர்ந்தார். முதல் நாள் இரவு உணவின்போது எதிரே அமர்ந்திருந்த கறுப்பினப் பெண்களின் எழிலையும் மிடுக்கையும் கண்டு உணவே செல்லவில்லையாம்! தலைமையாசிரியன் இதனை எழுதலாமா என எண்ணாதீர்கள். தம் இனத்தவர் அழகற்றவர் என்றே கேட்டு வளர்ந்த ஒருவருக்கு அது சிறிய செய்தி அன்று. உடன் பயின்றோருள் அடிமைகளாகவே பிறந்தவர் இருந்தனர். இனவெறிக் கொலைகளை அறிந்தவர் இருந்தனர். வசதி படைத்த குடும்பத்தாரும் இருந்தனர். ஒரு நிறத்திற்குள் இத்துணை வேறுபாடுகள் உண்டு என்பதை வெள்ளையர் நடுவே தனியொருவராக இருந்தவரை அவர் அறிந்தாரில்லை. ஆசிரியர்களுள் பெரும்பாலோர் வடபுலத்து வெள்ளையரே. அவர்கள் மாணவரை மதித்துக் கற்பித்தனர். ஃபிஸ்க் ஹெரால்டு என்னும் மாணவர் இதழின் ஆசிரியராகவும் இவர் விளங்கினார்.

அக்கல்லூரியின் முதன்மைக் கட்டடத்தின் பெயர் ஜூபிலி மண்டபம். நம்முடையதைப் போன்ற விழாவை நினைவுகூர எழுந்ததன்று அது. விடுதலைக்கு உரியதாக விவிலியம் குறிக்கும் ஆண்டே ஜூபிலி. கல்லூரி கடனில் மூழ்கியபோது, 1871இல் ஒன்பது மாணவ மாணவியர் கொண்ட பாடகர் குழு ஊர் ஊராகப் புறப்பட்டது. அடிமைகளாக இருந்த தம் முன்னோரின் பாடல்களை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பாடி அவர்கள் ஈட்டிய பொருளால் எழுந்த மண்டபம் அது. நிதி திரட்ட நாடகம் போட்டு அலைந்த நம் மூத்த உறுப்பினர்களுக்கு அதன் அருமை விளங்கும்.

கல்லூரி வாயிலுக்கு வெளியே உலகம் வேறாக இருந்தது. நாஷ்வில் தெருவில் ஒருமுறை வெள்ளைப் பெண்மணி ஒருவர்மீது தற்செயலாக உராய்ந்துவிட்டார். பிறந்த ஊரின் பழக்கப்படி தொப்பியைக் கழற்றி மன்னிப்புக் கோரினார். கறுப்பின இளைஞன் தன்னிடம் பேசியதே குற்றமென அப்பெண்மணி சீறினார்.

1886, 1887ஆம் ஆண்டுகளின் கோடை விடுமுறையில் நாட்டுப்புறத்திற்குப் பள்ளியாசிரியராகச் சென்றார். நடந்தே பள்ளி தேடியலைந்தபோது, ஜோசி என்னும் இருபது வயதளவினளான ஏழைப் பெண், தங்கள் ஊரில் ஆசிரியர் தேவை என்று சொன்னாள். பள்ளிகளைக் கண்காணித்த வெள்ளை அலுவலர் வேலையைக் கொடுத்து உணவுக்கும் இருக்கச் சொன்னார். ஆனால் அவர்கள் முதலில் உண்டனர். இவர் பின்னர்த் தனியே உண்டார். தானியம் கொட்டி வைத்த மரக்குடிலே பள்ளிக்கூடம். மூன்று பலகைகள் சேர்ந்ததே கரும்பலகை. ஆசிரியரின் நாற்காலியோ வீட்டுக்காரரிடம் இரவல். மாலைதோறும் திருப்பித் தர வேண்டும். ஜோசி நாஷ்வில் சென்று படிக்க ஏங்கினாள். பத்தாண்டுகளுக்குப் பின் டூ பாய்ஸ் அங்கே திரும்பிச் சென்றபோது குடிலும் இல்லை, ஜோசியும் இல்லை. குடும்பத்திற்காக உழைத்துத் தேய்ந்து இறந்துபோயிருந்தாள். 1903இல் வெளிவந்த அவரது புகழ்பெற்ற நூலில் அவளைப் பற்றிய பகுதியை நான் பலமுறை படித்திருக்கின்றேன். வகுப்பில் உரக்கப் படிக்க மட்டும் இன்றுவரை இயலவில்லை.

1888இல் ஃபிஸ்க் பட்டம் பெற்று, உதவித்தொகையுடன் ஹார்வர்டில் சேர்ந்தார். அவர்கள் ஃபிஸ்க் பட்டத்தைத் தம் பட்டத்திற்கு நிகராக ஏற்காமல் மூன்றாமாண்டில்தான் சேர்த்தனர். விடுதியில் தங்காமல், கறுப்பினப் பெண்மணி ஒருவரின் வீட்டில் அறை எடுத்துக்கொண்டார். நல்ல குரல்வளம் உடையவர், பாடகர் குழுவில் சேர முயன்றார், ஏற்கவில்லை. அதற்குமேல் எந்தக் கதவையும் அவர் தட்டவில்லை. வில்லியம் ஜேம்ஸ் என்னும் தத்துவப் பேராசிரியர் வீட்டிற்கு அழைத்து அன்பு பாராட்டினார். ஆல்பர்ட் புஷ்னல் ஹார்ட் வரலாற்றாய்வில் வழிகாட்டினார். தோழமைக்கோ, பாஸ்டன் நகரத்துக் கறுப்பின மக்களை நாடினார். அவர்தம் தேவாலயத்தில் இளைஞர்களைக் கூட்டிப் பண்டைக் கிரேக்க நாடகம் ஒன்றை நடத்தினார். கிரேக்கம் பயின்றதன் பயன் அங்கேயும் போய்ச் சேர்ந்தது.

முதற்கண் எழுதிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றுக்குத் தேர்ச்சியற்ற மதிப்பே கிடைத்தது. கருத்தில் இருந்த சினம் நடையைக் கெடுத்துவிட்டது எனத் தாமே உணர்ந்து, உரைநடைக்கெனத் தனி வகுப்பில் சேர்ந்து உழைத்தார். 1890இல் சிறப்புடன் பட்டம் பெற்றார். பட்டமளிப்பு மேடையில் பேசத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் அறுவருள் அவரும் ஒருவர். அவர் எடுத்துக்கொண்ட பொருளோ, அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலங்களின் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸ்!

இரு கல்லூரிகளையும் அவர் பின்னாளில் ஒப்பிட்டு நோக்கினார். ஹார்வர்டு ஆசிரியர்கள் ஃபிஸ்க் ஆசிரியர்களினும் சிறந்தவர் அல்லர், மிகுதியும் பெயர்பெற்றவர். ஆனால் நூலகமும் ஆய்வு வசதிகளும் ஒப்பிடவொண்ணாதவை என்பது அவர் மதிப்பீடு. நேரே ஹார்வர்டு சென்றிருப்பின் வெள்ளை மாணவரின் நட்பை நாடி ஏங்கி மனமுடைந்திருக்கக்கூடும் என்றும், ஃபிஸ்க் தந்த உறுதியோடு சென்றமையால் கல்வியை மட்டும் பெற்றுக்கொள்ள முடிந்தது என்றும் கருதினார். ஆழ்ந்து நோக்கினால், அக்கல்லூரியை அவராகத் தேர்ந்தெடுக்கவில்லை. வறுமையும் ஊராரின் எண்ணமும் தேர்ந்தன. நல்லதாக முடிந்தது.

பெர்லினில் ஈராண்டு பயின்றபின், 1895இல் ஹார்வர்டின் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஆனார். ஃபிலடெல்ஃபியா நகரத்துக் கறுப்பின மக்களைப் பற்றிய ஆய்வு நூல் 1899இல் வெளிவந்தது. 1897 முதல் 1910 வரை அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். கைத்தொழிற் கல்வியே போதும் என்ற புக்கர் வாஷிங்டனின் கொள்கையை எதிர்த்து, உயர்கல்வி வேண்டும் என வாதிட்டார். 1909இல் உருவான கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கத்தின் நிறுவனர்களுள் ஒருவராகி, அதன் கிரைசிஸ் இதழை 1934 வரை நடத்தினார்.

தம்மை வளர்த்த இரு கல்லூரிகளையும் அவர் கண்மூடிப் போற்றினாரில்லை. 1922இல் ஹார்வர்டு தலைவர் லோவல், முதலாண்டு விடுதியில் கறுப்பின மாணவரைச் சேர்க்க மறுத்தபோது தம் இதழில் கடுமையாக எழுதினார்; மறு ஆண்டு அத்தடை நீங்கியது. ஃபிஸ்க்கிலோ, வெள்ளைத் தலைவர் ஒருவர் மாணவரைக் கடுங்காவலில் வைத்து, மாணவர் இதழையும் நிறுத்தியிருந்தார். 1924இல் தம் மகள் அங்கே பட்டம் பெற்ற ஆண்டில், டூ பாய்ஸ் அக்கல்லூரி மேடையிலேயே நின்று அவ்வாட்சியைச் சாடினார். 1925இல் மாணவர் வேலைநிறுத்தம் செய்தனர். தலைவர் பதவி விலகினார். நம்மவர் நிறைந்த கல்லூரி என்பதாலேயே நம்மவர்க்கு மதிப்பு கிடைத்துவிடாது என்பதை மாணவர்களே கண்டுகொண்டனர்.

1935இல், கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி வேண்டுமா பொதுப் பள்ளி வேண்டுமா என்னும் பொருள்பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பிள்ளையை வெறுக்கும் ஆசிரியரும் சகமாணவரும் உள்ள பொதுப் பள்ளியும் தீது; பொருளும் தகுதியும் அற்ற தனிப் பள்ளியும் தீது; பரிவுள்ள ஆசிரியர், உண்மையான பாடம், சமமாக நடத்தும் சூழல் ஆகியவை எங்குள்ளனவோ அங்கே செல்க என்பது அதன் சாரம். நண்பர்கள் பலர் வருந்தினர். 1954இல் உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது எனத் தீர்ப்பளித்தபின்னும், பொதுப் பள்ளிகளில் தம் மக்களின் வரலாற்றை எவர் கற்பிப்பார் என்னும் கவலையை 1960இல் ஆசிரியர்களிடையே வெளியிட்டார்.

அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றபோது, கிரைசிஸ் இதழ் அந்நகரிலிருந்தே வெளிவந்துகொண்டிருந்தது. பல்லாண்டுகள் கழித்து, 1946இல் அண்ணல் அவருக்கு ஒரு மடல் எழுதினார். அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த விண்ணப்பத்தின் படிகளைக் கேட்டு, இந்தியாவின் தீண்டப்படாதாரும் அவ்வாறே செய்ய எண்ணுவதைத் தெரிவித்தார். ஜூலை 31ஆம் நாளிட்ட மறுமொழியில், அண்ணலின் பெயரைத் தாம் அறிந்திருப்பதையும் தீண்டப்படாதார்பால் தமக்குள்ள பரிவையும் டூ பாய்ஸ் எழுதினார்.

தொண்ணூற்று மூன்றாம் வயதில், 1961இல், ஆப்பிரிக்காவின் கானா நாட்டிற்குச் சென்று குடியேறினார். 1963 ஆகஸ்ட் 27ஆம் நாள் அக்ரா நகரில் இயற்கை எய்தினார். மறுநாள் வாஷிங்டனில் வேலையும் விடுதலையும் வேண்டித் திரண்டிருந்த இரண்டு லட்சத்திற்கு மேற்பட்ட மக்களுக்கு அச்செய்தி மேடையிலிருந்து அறிவிக்கப்பட்டது.