சண்டைக்கு வேர் தேடியவர்: முசாபர் ஷெரீப்



விஞ்ஞானி என்றாலே நமக்கு எடிசனும் சர் சி.வி. ராமனும்தான் ஞாபகம் வரும். மனுஷன் ஏன் கட்சி கட்டிக்கொண்டு சண்டை போடுகிறான் என்பதையே சோதனை செய்து பார்த்த ஒரு விஞ்ஞானியைப் பற்றி இங்கே எழுதுகிறேன். அவர் பெயர் முசாபர் ஷெரீப்.

துருக்கியில் இஸ்மிர் நகரத்துப் பக்கம் ஓடெமிஷ் என்ற ஊரில் 1906இல் பிறந்தார். 1919இல் கிரேக்கப் படை இஸ்மிரில் வந்து இறங்கியது. அப்போது தன் கண்ணெதிரே ஆட்கள் கொல்லப்பட்டதைப் பார்த்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அக்கம்பக்கமாக வாழ்ந்த ஜனங்கள் ஏன் இப்படி ஆனார்கள்? இந்தக் கேள்வி அவரை விடவே இல்லை.

அமெரிக்கா சென்று படித்து, 1935இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். தாய்நாடு திரும்பி இனவெறிக்கு எதிராக எழுதினார். 1944இல் கைதாகிச் சிறைக்குப் போனார். 1945இல் மறுபடி அமெரிக்கா. மனைவி கரோலினும் மனோதத்துவ அறிஞர்தான். இருவரும் சேர்ந்தே உழைத்தார்கள்.

1954 கோடையில் ஓக்லஹோமா மாநிலத்தில் ராபர்ஸ் கேவ் என்ற காட்டுப் பூங்காவில் ஒரு முகாம். 11 வயதை ஒட்டிய 22 பையன்கள். எல்லாரும் ஒரே மாதிரிக் குடும்பம், ஒரே நிறம். ஒருவரை ஒருவர் முன்பின் தெரியாது. இரண்டு குழுவாகப் பிரித்துத் தனித்தனியே தங்க வைத்தார்கள். ஒரு குழு 'கழுகுகள்', இன்னொன்று 'சாரைகள்' இல்லை, விஷமுள்ள 'கிலுகிலுப்பைப் பாம்புகள்'! பிறகு பந்தாட்டம், கயிறு இழுத்தல் என்று போட்டி வைத்தார்கள். ஜெயித்தவர்களுக்குக் கோப்பை, பேனாக்கத்தி. அவ்வளவுதான்! கொடியை எரித்தார்கள், குடிசைக்குள் புகுந்து சூறையாடினார்கள். அத்தனையும் நல்ல வீட்டுப் பிள்ளைகள்.

என் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். எங்க ஊர்ல ஒரே தெருவில் இரண்டு கொடிக்கம்பம் உண்டு. அதற்காகப் பேச்சை நிறுத்திக்கொண்ட பங்காளிகள் யாரும் கெட்டவங்க இல்லை. ஷெரீப்பைப் படித்தபோதுதான் எனக்கு அது விளங்கியது.

சண்டையைத் தீர்க்க என்ன செய்தார்? முதலில் ஒன்றாக உட்கார்த்திச் சாப்பாடு போட்டார். சோற்றை வாரி எறிந்துகொண்டார்கள்! பிறகு தண்ணீர் டேங்கிலிருந்து வருகிற தண்ணீரை நிறுத்தினார். தாகம் எடுத்ததும் இரண்டு குழுவும் சேர்ந்து அடைப்பைத் தேடியது. இன்னொரு நாள் லாரி நகர மறுத்தது. போட்டிக்கு இழுத்த அதே கயிற்றைக் கட்டி எல்லோருமாக லாரியை இழுத்தார்கள். ஒரே நாளில் மாறவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. ஒரே பஸ்ஸில் வீடு திரும்பினார்கள். ஒரு குழு ஜெயித்து வைத்திருந்த 5 டாலரில் எல்லோருக்கும் குடிக்க வாங்கிக் கொடுத்தது.

இன்னொரு உண்மையையும் சொல்ல வேண்டும். 1953இல் நியூயார்க் மாநிலத்தில் நடத்திய முகாமில் பையன்கள் முதலிலேயே ஒன்றாகப் பழகிவிட்டார்கள். பிறகு பிரித்து எவ்வளவு தூண்டியும் சண்டை மூளவில்லை. முகாம் பாதியில் நின்றது. ஷெரீப் இதைப் பெரிதாக எழுதவில்லை. என் கணக்கில் அந்தத் தோல்விதான் அவருடைய பெரிய வெற்றி!

1988இல் ஷெரீப் மறைந்தார்.

நண்பர்களே, யூனியன் தேர்தலில் அணிகள் இருக்கட்டும். அதற்கு முன்னாலேயே பழகி வைப்போம். ஒர்க்‌ஷாப்பில் ஒருத்தர் பிடிக்க ஒருத்தர் அடித்தால்தானே வேலை நடக்கும்?

— மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்