சிந்தாமணி சேர்த்த உறவு

கும்பகோணம் கல்லூரியில் 1880-இல் தமிழாசிரியரான உ. வே. சாமிநாதையர், சேலம் இராமசுவாமி முதலியாரின் தூண்டுதலால் சீவகசிந்தாமணியைக் கற்கத் தொடங்கினார். நச்சினார்க்கினியர் உரை இருந்தும் சமணக் கருத்துகள் விளங்கவில்லை. கேட்டுத் தெளியலாமென்றால் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876-இலேயே மறைந்துவிட்டார். சைவ நூல்களில் ஊறிய அந்தணர், துணையின்றித் தவித்தார்.

அவ்வூரிலேயே வாழ்ந்த நம்மவர் சந்திரநாத செட்டியாரின் இல்லத்தை நாடினார். வாயிலில் மாவிலைத் தோரணம், கோலம். விசேஷம் யாதென வினவினார். சிந்தாமணி படனம் நிறைவுற்ற நாளாம்! புலவர் பலரும் கண்டிராத காப்பியம், ஒரு குடும்பத்தின் வழிபாடாக வாழ்ந்திருந்தது. வேற்றுச் சமயத்தார் என்று அவரை எவரும் விலக்கவில்லை. வீடூர் அப்பாசாமி நயினாரும் ஐயங்களைத் தீர்த்துவைத்தார். அவரது சிந்தாமணிப் பதிப்பு 1887-இல் வெளிவந்தது.